‘ரங்கூன் சாமான்’ பெட்டியில் ஏழு வகைக் கண்ணாடி

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். இதே போன்ற பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு திகைப்பவர்கள் வேறு சிலரும் இருப்பார்கள். தேவகோட்டையில் உங்கள் பூர்வீக வீட்டின் சாமான் அறையைக் காலி செய்தபோது, வைக்கோல் அடைத்த ஒரு தேக்குப் பெட்டியில் ஏழு வகைக் கண்ணாடிப் பொருள்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பாதி எதற்குப் பயன்பட்டவை என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எண்பத்தாறு வயது அப்பத்தாவைக் கேட்டால், ‘அதெல்லாம் ரங்கூன் சாமான்’ என்பதோடு முடித்துவிடுகிறார். பழம்பொருள் வியாபாரி ஒருவர் மொத்தமாக ஐயாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இவை என்ன, எவ்வளவு பழையவை, கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். நான் ஒரு பாட்டில் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதன் பிறகு பழைய கண்ணாடிகளைத் தேடிப் பார்ப்பதே என் பொழுதாகிவிட்டது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: ஒரே பெட்டியில் ஒரே வீட்டில் இருந்தவை என்பதே இந்தப் பொருள்களைப் பற்றிய பெரிய தகவல். பெட்டி கலைந்தால் அது போய்விடும்.

முதலில், உங்களை அதிகம் குழப்பியிருக்கும் அந்த மூன்று கால் கூஜா. பூசணிக்காய் போல உருண்ட வயிறு, உச்சியில் கண்ணாடி அடைப்பான், அடியில் மூன்று குட்டிக் கால்கள். அடி மூடியிருக்கவில்லை. நடுவில் வட்டமாகத் திறந்திருக்கிறது. அந்தத் திறப்பின் விளிம்பு உள்ளே மேல்நோக்கி மடிந்து, சுவரை ஒட்டி ஓர் அகழியை உண்டாக்குகிறது. ‘ஒழுகும் கூஜாவை யாராவது செய்வார்களா? உடைந்த விளக்கின் பாகமாக இருக்குமோ?’ என்று எழுதியிருந்தீர்கள். ஒரு டம்ளர் தண்ணீரை மேல்வாய் வழியாக மெதுவாக ஊற்றிப் பாருங்கள். ஒழுகாது. தண்ணீர் அந்த அகழியில் வட்டமாக நிற்கும்.

இது ஈப்பொறி. அகழியில் சர்க்கரைத் தண்ணீரோ வினிகரோ ஐரோப்பியர் வீடுகளில் மீந்த பீரோ ஊற்றுவார்கள். மேலே அடைப்பானைப் போட்டு, கூஜாவின் கீழே தட்டில் கொஞ்சம் சர்க்கரை தூவி வைப்பார்கள். கால்களின் உயரம் விரல் கனமே இருப்பதைக் கவனியுங்கள். ஈ நடந்து நுழைய அது போதும். சர்க்கரையைத் தின்ற ஈ பறந்து கிளம்பும்போது வெளிச்சத்தை நோக்கி மேலேதான் எழும்பும். நடுத் திறப்பு வழியாக வயிற்றுக்குள் போனபின் சுற்றிலும் வெளிச்சம். வந்த வழி மட்டும் கீழே, இருட்டாக இருக்கிறது. கண்ணாடிச் சுவரில் முட்டிக் களைத்து அகழியில் விழும்.

எதற்கென்று தெரியாத கண்ணாடி எதைப் பார்த்தாலும் நான் இந்த வழியில்தான் தொடங்குவேன். உருகிய கண்ணாடி சில நிமிடங்களில் இறுகிவிடும். அதற்குள் ஒரு மடிப்பு வைப்பதும் மூன்று கால் இழுப்பதும் பெரும்பாடு. கூலி கொடுப்பவர் காரணமில்லாத வேலைக்குக் கூலி கொடுக்க மாட்டார். எனவே வித்தியாசமான ஒவ்வோர் அங்கத்தையும் தனித்தனியாக எடுத்து, ‘இது இல்லாவிட்டால் எந்த வேலை நடக்காது?’ என்று கேட்க வேண்டும். கால் இல்லாவிட்டால் ஈ நுழையாது. மடிப்பு இல்லாவிட்டால் தண்ணீர் நிற்காது. அடைப்பான் இல்லாவிட்டால் ஈ மேலே தப்பிவிடும். பொருளின் பயன் அங்கேயே இருக்கிறது.

பயன் உறுதியானாலும் வயது உறுதியாவதில்லை. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் பரவலாக இருந்த இந்த வடிவத்தை இன்றும் அலங்காரத்துக்காகச் செய்கிறார்கள். வடிவத்தை வைத்து வயது சொன்னால் ஏமாறுவோம். உங்கள் நான்காவது படத்தில் கால் நுனிகள் தெளிவாகத் தெரிகின்றன. தரையைத் தொடும் இடம் மட்டும் மங்கியிருக்கிறது. கீறல்கள் பல திசைகளில், நீளமும் ஆழமும் வேறுவேறாக இருக்கின்றன. பல ஆண்டுகள் மேசையில் நகர்ந்த பொருளுக்கு இப்படித்தான் தேய்மானம் வரும். உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கியிருந்தால் கீறல்கள் ஒரே பக்கமாக, இணையாக ஓடும்; தரையைத் தொடாத இடத்திலும் இருக்கும். அச்சு இணைந்த கோடு வயிற்றில் எங்கும் இல்லை. சுவரின் கனம் ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைகிறது. கையால் ஊதியது என்றும், வீட்டில் உண்மையாகவே புழங்கியது என்றும் என்னால் சொல்ல முடியும். அடைப்பானின் காம்பு சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் ஒவ்வோர் அடைப்பானையும் அதனதன் வாயோடு சேர்த்துத் தேய்த்துப் பொருத்துவார்கள். அப்படியிருந்தால் அது வேறெதிலும் சரியாக உட்காராது, தொலைத்துவிடாதீர்கள்.

அடுத்தது சோடா பாட்டில்கள் இரண்டு. ஒன்று உங்களுக்கே தெரிந்த கோலி சோடா பாட்டில். நீள முட்டை போல் அடி குவிந்து, நிற்கவே நிற்காத மற்றதைத் ‘தூக்கு விளக்கின் எண்ணெய்க் குடுவை’ என்று யாரோ சொன்னார்களாம். அதுவும் சோடா பாட்டில்தான், கோலி சோடாவுக்கு முந்தைய தலைமுறை. அதை நிற்க விடாமல் செய்ததில்தான் அதன் சூட்சுமம் இருக்கிறது. வாயுவை அடைத்து வைக்கத் தக்கை மட்டுமே இருந்த காலம் அது. பாட்டில் நின்றுகொண்டிருந்தால் தக்கை காய்ந்து சுருங்கும், வாயு கசிந்துவிடும். படுத்தே கிடந்தால் தண்ணீர் தக்கையை நனைத்துக்கொண்டே இருக்கும். அதனால் வேறு எப்படியும் வைக்க முடியாத வடிவில் செய்தார்கள். வில்லியம் ஹாமில்டன் என்பவர் 1809இல் பெற்ற காப்புரிமையில் இந்த முட்டை வடிவம் விவரிக்கப்பட்டிருக்கிறது. சேகரிப்பவர்கள் அவர் பெயராலேயே இதைக் குறிப்பிடுகிறார்கள். மூலைகள் இல்லாததால் உள்ளழுத்தத்தையும் நன்றாகத் தாங்கும்.

தக்கையின் தொல்லையைத் தீர்த்தவர் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர். 1872இல் அவர் காப்புரிமை பெற்ற வடிவத்தைத்தான் நாம் கோலி சோடா என்கிறோம். பாட்டிலைத் தலைகீழாக வைத்து நிரப்புவார்கள். கோலி வாய்க்கு வந்து ரப்பர் வளையத்தில் அமரும். நிமிர்த்திய பிறகும் உள்ளே இருக்கும் வாயுவே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கழுத்துக்குள் இரண்டு பள்ளங்கள் இருக்கும். குடிக்கச் சாய்க்கும்போது கோலி அவற்றில் சிக்கி நிற்கும். இல்லாவிட்டால் உருண்டு வந்து வழியை அடைத்துவிடும். சோடா கடையில் பாட்டிலை எந்தப் பக்கம் பிடித்துச் சாய்ப்பது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது இந்தப் பள்ளங்களுக்காகத்தான்.

இந்த இரண்டில் வயது சொல்வதில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் கையேடுகளில் ஒரு விதி உண்டு: அச்சுக்கோடு பாட்டிலின் விளிம்பு வரை ஏறியிருந்தால் அது இயந்திரத்தில் பிறந்தது, ஒஹாயோவில் மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கி பாட்டில் இயந்திரம் வந்த 1903க்குப் பிந்தையது. கோடு கழுத்திலேயே நின்று, வாய் தனியாகச் சுற்றி முடிக்கப்பட்டிருந்தால் கைவேலை, அதற்கு முந்தையது. விதியின் முதல் பாதியை நம்பலாம். இரண்டாம் பாதி அமெரிக்காவுக்குப் பொருந்தும், இந்தியாவுக்குப் பொருந்தாது. உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத்தில் கையால் வாய் முடிக்கும் வேலை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நடந்தது. இது எனக்குப் பணம் கொடுத்துக் கிடைத்த பாடம். ‘கைவேலை வாய், கட்டாயம் நூறு வருஷம் தாண்டியது’ என்று ஒரு வியாபாரி சொன்னதை நம்பி ஒரு கோலி பாட்டில் வாங்கினேன். மூன்று ஆண்டுகள் கழித்து பிரோசாபாத்தில் ஒரு கிடங்குக்குப் போனபோது அதே அச்சில், அதே வாயுடன், புதிதாகச் செய்த பாட்டில்கள் சாக்குச் சாக்காக நின்றன. அன்றிலிருந்து எந்த விதியைப் படித்தாலும் அது எந்த ஊர்க் கண்ணாடிக்கு எழுதிய விதி என்று முதலில் பார்க்கிறேன்.

உங்கள் கோலி பாட்டிலில் எழுத்து எதுவும் இல்லை. பழைய ஆங்கிலேயப் பாட்டில்களில் சோடா கம்பெனியின் பெயரும், பார்ன்ஸ்லி போன்ற பாட்டில் செய்த ஊரின் பெயரும் புடைத்திருக்கும். எழுத்தே இல்லாத உங்களுடையது இந்தியப் பாட்டிலாக, 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். முட்டை பாட்டில் வேறு கதை. அதன் கழுத்தில் வாய்ப்பட்டை தனியாக ஒட்டியதற்கான வழிசல் தெரிகிறது. கண்ணாடிக்குள் விதைவிதையாகக் குமிழ்கள், மணலிலிருந்த இரும்பு தந்த நீலப்பச்சை. கோலியும், 1892இல் வில்லியம் பெய்ண்டர் காப்புரிமை பெற்ற தகர மூடியும் பரவியபின் இந்த வடிவத்துக்குத் தேவை குறைந்துபோனது. எனவே இதை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்கோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கோ தயங்காமல் கொண்டுபோகலாம்.

இனி நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த பொருள். அந்த நீள்வட்டத் தட்டு. நீங்கள் ஒரே வரியில் ‘மஞ்சள் தட்டு, ஓரம் வெள்ளை’ என்று எழுதிவிட்டீர்கள். இந்தப் பெட்டியின் சிறந்த சாட்சி அதுதான்.

அதன் பூவேலையை விரலால் தடவிப் பாருங்கள். பட்டை தீட்டிய கண்ணாடியில் விளிம்புகள் விரலைக் கூசவைக்கும். இதில் எல்லாம் மழுங்கலாக இருக்கும். ஓரத்தில் மெல்லிய அச்சுக்கோடுகள் தட்டுப்படும். ஊதவும் இல்லை, செதுக்கவும் இல்லை. உருகிய கண்ணாடியை இரும்பு அச்சில் இட்டு நெம்புகோலால் அழுத்திச் செய்தது. 1820களில் அமெரிக்காவில் வளர்ந்த இந்த முறை, பணக்காரர் மேசையில் மட்டும் இருந்த பூவேலைக் கண்ணாடியை நடுத்தரக் குடும்பத்துக்கும் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் இந்த வேலைக்குப் பேர்போன இடம் வடகிழக்கே டைன் ஆற்றங்கரையிலுள்ள கேட்ஸ்ஹெட். அங்கே ஜார்ஜ் டேவிட்சன் கம்பெனி 1889இல் ஒரு புதிய கண்ணாடியைக் கொண்டுவந்தது. அச்சிலிருந்து எடுத்த தட்டின் விளிம்பை மறுபடி உலையில் காட்டினால், சூடுபட்ட இடம் மட்டும் பால் போல வெளுக்கும். நடுப்பகுதி தெளிவாகவே இருக்கும். கண்ணாடிக் கலவையிலேயே அந்தக் குணத்தை வைத்திருந்தார்கள். ‘பேர்லைன்’ என்று பெயரிட்டு, நீலத்திலும் இளமஞ்சளிலும் விற்றார்கள். உங்கள் தட்டில் மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு நிறம் படிப்படியாக மாறுவதைப் பாருங்கள். மேலே பூசிய சாயம் அப்படி மாறாது.

மஞ்சள் எங்கிருந்து வந்தது என்பதை நீங்களே இன்று இரவு சோதிக்கலாம். கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்க வைத்திருக்கும் புற ஊதா விளக்கை ஒரு மணி நேரம் இரவல் வாங்குங்கள். இருட்டறையில் தட்டின் மேல் காட்டுங்கள். தட்டு முழுவதும் பச்சையாகப் பற்றி எரிவது போல ஒளிர்ந்தால் அதில் யுரேனியம் இருக்கிறது. பயப்பட வேண்டாம். 1789இல் பெர்லினில் கிளாப்ரோத் கண்டறிந்த இந்தத் தனிமம், அணு ஆராய்ச்சிக்கு நெடுங்காலம் முன்பே கண்ணாடிக்கு நிறம் தரும் பொருளாகப் பயன்பட்டது. பொஹீமியாவில் யோசப் ரீடல் 1830களில் மஞ்சளும் பச்சையுமாக யுரேனியக் கண்ணாடி செய்து, தன் மனைவி அன்னாவின் பெயரை அந்த இரண்டு நிறங்களுக்கும் வைத்தார். கலவையில் யுரேனியம் சிறு பங்குதான். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்ப்பதால் கேடில்லை. ஆனால் ஊறுகாயும் புளிக்குழம்பும் வைக்கும் பாத்திரமாக அதைப் பயன்படுத்தாதீர்கள். புளிப்பு கண்ணாடியிலிருந்து உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும்.

இந்தச் சோதனையில் பலர் தவறுவதையும் சொல்ல வேண்டும். பழைய நிறமற்ற கண்ணாடிகளில் இரும்பின் பச்சையைப் போக்க மாங்கனீசு சேர்ப்பார்கள். அதுவும் புற ஊதா ஒளியில் மங்கலான பச்சை காட்டும். மங்கல் பச்சையைப் பார்த்துவிட்டு யுரேனியம் என்று விலை வைப்பவர்கள் இருக்கிறார்கள். யுரேனியத்தின் பச்சையை ஒருமுறை கண்டால் பிறகு குழப்பமே வராது.

அடியில் புடைத்திருக்கும் எழுத்துகளுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் ‘ஆர்டி’ என்ற இரண்டு எழுத்து, பிறகு ஆறு இலக்க எண். 13 என்று தொடங்குவது தெரிகிறது, மீதி நான்கும் உங்கள் படத்தில் மங்கிவிட்டன. அது விலையும் இல்லை, கடை எண்ணும் இல்லை. பிரிட்டனில் ஒரு வடிவத்தைப் பிறர் நகல் எடுக்காமலிருக்க அரசு அலுவலகத்தில் பதிவு செய்வார்கள். 1842 முதல் 1883 வரை அதற்கு வைர வடிவில் ஒரு முத்திரை. அதன் உச்சி வட்டத்தில் ரோம எண் மூன்று இருந்தால் கண்ணாடி வகை என்று பொருள். 1884இல் அதை விட்டுவிட்டு, ஒன்றிலிருந்து தொடங்கித் தொடர் எண் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1889 தொடக்கத்தில் எண் சுமார் 1,16,600. 1890 தொடக்கத்தில் சுமார் 1,41,000. 1900 தொடக்கத்தில் 3,51,000ஐத் தாண்டிவிட்டது. 13 என்று தொடங்கும் ஆறு இலக்க எண் எதுவானாலும் 1889க்குள்தான் விழும். மங்கிய நான்கு இலக்கங்கள் இல்லாமலேயே ஆண்டு கிடைத்துவிட்டது. டேவிட்சன் கம்பெனி பேர்லைனைக் கொண்டுவந்ததும் அதே ஆண்டு. நிறமும் எண்ணும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே பதிலைச் சொல்கின்றன. நான்கு நாள் முன்பு இதைக் கணக்கிட்டு முடித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் 1889 என்பது வடிவத்தின் பிறந்த ஆண்டு. நன்றாக விற்ற அச்சைக் கம்பெனி பல ஆண்டுகள் வைத்துக்கொண்டு அழுத்திக்கொண்டே இருக்கும். உங்கள் தட்டு 1889க்கு முன் இருக்க முடியாது என்பது மட்டும் உறுதி. பின் எல்லையை உங்கள் குடும்பம் தருகிறது. ஐயாவின் தந்தை கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, போன இடம் ரங்கூன் என்கிறீர்கள். பர்மாவில் ஜப்பானியப் படை நுழைந்த 1942இல் நம்மவர்கள் பெரும்பாலோர் கையில் கிடைத்ததோடு தரைவழியாக நடந்து வந்தார்கள். கண்ணாடித் தட்டை வைக்கோலில் சுற்றிக்கொண்டு வந்திருக்க மாட்டார்கள். எனவே இது ரங்கூன் சாமான் என்றால் அதற்கு முன், நிதானமான ஒரு கப்பல் பயணத்தில் வந்திருக்க வேண்டும். அப்பத்தா சொல்வது இந்தத் தட்டைப் பொறுத்தவரை முழுக்கப் பொருந்துகிறது.

ஆறு ஆரஞ்சு டம்ளர்களுக்கு அது பொருந்தாது. மழை நாளில் சாலையில் சிந்திய பெட்ரோல் போல மினுமினுக்கும் பூச்சு; நடுவில் மினுக்கம் இல்லாமல் பனி படிந்தது போன்ற ஒரு பட்டை; அடியில் ஆங்கிலத்தில் நான்கு எழுத்து, ‘ஜெயின்’. வியாபாரி அதை ‘வாங்கிய சமணச் சேட்டின் பெயர், சரக்கு இங்கிலாந்து’ என்றாராம். பெயர் வாங்கியவருடையது அல்ல, செய்தவருடையது. பிரோசாபாத்தின் ஜெயின் கிளாஸ் ஒர்க்ஸ். சூடான கண்ணாடியின் மேல் உலோக உப்புக் கரைசலைத் தெளித்து இந்த வானவில் மினுக்கத்தைக் கொண்டுவரும் மலிவான சரக்கை, அமெரிக்காவில் மேற்கு வர்ஜினியாவின் ஃபென்டன் கம்பெனி 1907இல் பெரிய அளவில் தொடங்கிவைத்தது. திருவிழாக் கடைகளில் பரிசாகக் கொடுத்ததால் பிற்காலத்தில் ‘கார்னிவல் கண்ணாடி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அங்கே மவுசு குறைந்த பிறகு இந்தியாவில் அது புது வாழ்வு பெற்றது. ஜெயினும் பாலிவாலும் வேறு சிலரும் டம்ளர்கள் செய்தார்கள். மீன் வடிவிலும், கை ஏந்தி நிற்பது போலவும், யானை வடிவிலும் பூச்சாடிகள் செய்தார்கள். மினுக்கத்துக்கு நடுவே பனிப்பட்டை விடுவது இந்திய டம்ளர்களில் அடிக்கடி காணும் பாணி.

ஆக, இவை ரங்கூனைப் பார்க்காதவை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிச் சரக்கு. அப்பத்தா 1950களில் மணமாகி வந்திருப்பார் என்று கணக்கிடுகிறேன். ‘இது ரங்கூனா?’ என்று கேட்காமல், ‘இது உங்கள் சீரோடு வந்ததா?’ என்று கேட்டுப் பாருங்கள். டம்ளரைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். உங்கள் பக்கத்தில் சீர் சாமான்களைப் பட்டியல் எழுதி வைக்கும் வழக்கம் உண்டே. அந்த நோட்டு இருந்தால் என் ஊகத்தைவிட அதுவே மேல். பிரோசாபாத் என்றதும் மதிப்புக் குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் இந்தியக் கார்னிவல் கண்ணாடியைத் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நம் தொழிலாளர்கள் செய்ததை நாம் இங்கிலாந்துச் சரக்கு என்று சொல்லி விற்பதுதான் எனக்கு வருத்தம்.

மீதி மூன்றும் எளியவை. அடர்நீலக் கிண்ணம், வாய் முட்டை வடிவில், உள்ளங்கையில் அடங்குவது: அது மது குடிக்கும் கோப்பை இல்லை, கண் கழுவும் கிண்ணம். வாயின் வளைவை உங்கள் கண்குழியில் வைத்துப் பாருங்கள், இடைவெளியில்லாமல் பொருந்தும். போரிக் பவுடர் கரைத்த வெதுவெதுப்பான நீரை ஊற்றி, கண்ணில் பொருத்தித் தலையை அண்ணாந்து இமைப்பார்கள். அச்சுக்கோடு இரண்டு பக்கமும் அடிவரை ஓடுவதால் அச்சில் செய்த மலிவுச் சரக்கு. கால் வைத்து, கையால் ஊதியதாக இருந்தால் கூடுதல் பழமை இருந்திருக்கும்.

உடற்பயிற்சி டம்பெல் போல நடுவே தண்டும் இரு முனையிலும் பட்டை தீட்டிய குண்டுமாக இருக்கும் நான்கும் கத்தி தாங்கிகள். ஐரோப்பிய முறை விருந்தில், ஒரு பதார்த்தம் முடிந்து அடுத்தது வரும்வரை எச்சில் கத்தி மேசை விரிப்பில் படாமல் இதன் மேல் சாய்த்து வைப்பார்கள். உங்கள் வீட்டில் வெள்ளைக்காரத் துரைகளுக்கு மேசை போட்டு விருந்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இவை சாட்சி. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதனால் ஈயக் கண்ணாடி என்று நினைக்கிறேன். 1674இல் லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் காப்புரிமை பெற்ற வகை அது; சாதாரணக் கண்ணாடியைவிட எடையும் பளபளப்பும் கூடுதல், செதுக்குவதற்கு இளக்கமானது.

படகு போல வளைந்து இருமுனையும் திறந்திருப்பது குழந்தைப் பால் பாட்டில். ஒரு முனையில் ரப்பர் காம்பு, மறுமுனையில் காற்று புக ரப்பர் வால்வு. இந்த வடிவத்துக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் தட்டையான பாட்டிலிலிருந்து நீண்ட ரப்பர் குழாய் வரும். தாய் பிடிக்காமலேயே குழந்தை உறிஞ்சிக் குடிக்கலாம் என்பதால் பெருகி விற்றது. குழாயின் உட்புறத்தைக் கழுவ வழியே இல்லை. பழைய பால் உள்ளே புளித்துக் கிருமி வளர்ந்தது. எண்ணற்ற குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்தன. பின்னாளில் அதற்குக் ‘கொலைகார பாட்டில்’ என்றே பெயர் வந்தது. இருபுறமும் திறந்த படகு பாட்டில் அதற்கு மாற்றாக வந்தது: ஒரு முனையில் தண்ணீரை விட்டால் மறுமுனையில் ஓடி வெளியேறும், மூலையில் எதுவும் தங்காது. லண்டன் ஆலன் அண்ட் ஹேன்பரிஸ் கம்பெனியின் ‘ஆலன்பரிஸ்’ பாட்டில் 1900ஐ ஒட்டிப் பரவி, இந்த வடிவத்துக்கே பெயராகிவிட்டது. உங்களுடையதின் பக்கவாட்டில் அவுன்ஸ் அளவுகள் தெரிகின்றன. அருகில் பைரெக்ஸ் என்ற சொல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். இருந்தால் 1915க்குப் பிந்தையது, ஏனென்றால் அந்த வெப்பந்தாங்கிக் கண்ணாடி அந்த ஆண்டில்தான் விற்பனைக்கு வந்தது. உங்கள் அப்பாவே அதில் பால் குடித்திருக்கலாம். இதையும் அப்பத்தாவிடம்தான் கேட்க வேண்டும்.

வியாபாரி ‘குமிழ் இருக்கிறது, பழசு’ என்று சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை. குமிழ் என்பது உலையில் சூடு போதாததையும் அவசரத்தையும் காட்டும். அது நூறு ஆண்டுக்கு முன்பும் உண்டு, சென்ற மாதமும் உண்டு. அதே போல, கண்ணாடி நாளடைவில் கீழ்நோக்கி வழியும், அதனால் பழைய கண்ணாடியின் அடி தடித்திருக்கும் என்பதும் தவறு. அறை வெப்பத்தில் கண்ணாடி வழிவதில்லை. தடிப்பு செய்யும்போதே வந்தது.

இனி செய்ய வேண்டியவை. ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணியின் மேல் வைத்து, பக்கவாட்டிலும் அடியிலும் விளிம்பிலும் படம் எடுங்கள். அருகில் அளவுகோல் இருக்கட்டும். தட்டின் எண்ணுக்கு, அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் படுக்கவைத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால் மங்கிய இலக்கங்களும் நிழலாக எழுந்து நிற்கும். கழுவுவதற்கு வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். தொட்டிக்குள் துண்டு விரித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். ஆரஞ்சு டம்ளர்களில் புளி, எலுமிச்சை, சாம்பல், நார் எதுவும் படக் கூடாது. மினுக்கம் மயிரிழைக்கும் மெல்லிய படலம். போனால் திரும்ப வராது. பெட்டியில் இருந்த வைக்கோலையும், அதற்குள் செய்தித்தாள் துண்டு கிடைத்தால் அதையும் எறியாதீர்கள். தேதியுள்ள ஒரு துண்டுக் காகிதம் எங்கள் அனுமானங்கள் அனைத்தையும் தோற்கடிக்கும்.

விற்பதானால் சேர்த்து விற்காதீர்கள். அந்த ஐயாயிரம் ரூபாய் எந்தப் பொருளுக்கு என்று வியாபாரியைக் கேளுங்கள். அவர் எதை முதலில் கையில் எடுத்தார் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். என் கணிப்பில் அது மஞ்சள் தட்டு. இன்னொன்று: நம் நாட்டின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், நூறு ஆண்டு கடந்த கைவினைப் பொருள்களைத் தொல்பொருள் வரையறைக்குள் கொண்டுவருகிறது. அவற்றை வணிகம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் மூலம் விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தட்டும் முட்டை பாட்டிலும் அந்த வயதைத் தொடுபவை. அந்த வழியை நினைக்கவே வேண்டாம்.

ஈப்பொறியின் அடைப்பான் இறுகிவிட்டது, திறக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதற்கு முன் அதை எடுத்தாக வேண்டும். இடுக்கியோ சுடுநீரோ வேண்டாம். திடீர்ச் சூட்டில் கழுத்து விரிசல் விடும். அடைப்பானும் வாயும் சேரும் இடத்தில் நல்லெண்ணெய் நான்கு சொட்டு விட்டு, நிழலில் ஒரு நாள் வையுங்கள். மறுநாள் மரக்கரண்டியின் காம்பால் இந்தப் பக்கம் ஒரு தட்டு, எதிர்ப்பக்கம் ஒரு தட்டு, மிக மெதுவாக. அசையவில்லை என்றால் மறுபடி எண்ணெய், மறுபடி ஒரு நாள். எனக்கு ஒருமுறை பதினோரு நாள் ஆனது.